செல்வத்துக்கு, சுவர் விரிசல் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. மகள் படிப்பதற்காகக் கீழே பேஸ்மென்ட்டை ஒழித்துக் கொடுத்திருக்கிறாய் என்று படித்து சந்தோஷப்பட்டேன். அடுத்த பக்கத்திலேயே சுவரில் விரிசல், தண்ணீர் கசிகிறது, நீர்ப்புகா பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறாய். பெயின்ட் டப்பாவைத் திறக்காதே. அதைச் சொல்லத்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவின் தச்சுச் சாமான்களை நான் பேஸ்மென்ட்டில்தான் வைத்திருந்தேன். அவருடைய இழைப்புளியைத் தள்ளிப் பார்த்து நாம் இருவரும் திட்டு வாங்கியது நினைவிருக்கும். நான்கு வருடம் முன்பு அந்தச் சுவரில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நானும் பெயின்ட்தான் அடித்தேன், இரண்டு தடவை. சுவர் பளிச்சென்று ஆனது. அடுத்த மழைக்காலத்தில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன், தண்ணீர் வழிந்தது, பின்னாலேயே மாவு போல வெள்ளை உப்பும் உதிர்ந்தது. பெட்டியைத் திறந்தால் இழைப்புளியின் தகடு முழுக்கத் துரு. அப்பா போனபிறகு அன்றைக்குத்தான் அப்படி அழுதேன்.

வெளியே மண் ஊறிவிட்டால் தண்ணீர் சுவரைத் தள்ள ஆரம்பிக்கிறது. தரைமட்டம் வரை ஊறியிருந்தால், 2 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 2 டன் கனத்துக்கு நெருக்கும். ஈர மண்ணின் நெருக்கல் தனி. வெளிப்பக்கம் பூசிய எதையும் அந்த நெருக்கலே சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். உள்பக்கம் பூசியதையோ பின்னாலிருந்து பிரித்துத் தள்ளும். ஆகவே செல்வம், விரிசலுக்கு முன்னால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். மூன்று வருடம் வீணான பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

முதலில் அது கசிவுதானா என்று உறுதி செய்துகொள். குளிர்ந்த சுவரில் அறைக்காற்றின் ஈரம் வியர்த்து நிற்பதும் உண்டு. துடைத்துக் காயவிட்ட இடத்தில் ஒரு முழ பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பார். தாளின் அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் சுவர் வழியாக வருகிறது.

பிறகு ஒரு பென்சில் எடு. விரிசல் முடியும் இரண்டு முனையிலும் குறுக்கே சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுது. அகலமான இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்றும் குறித்து வை. கோட்டைத் தாண்டி விரிசல் ஓடினால் சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம், அதற்குள் எதை அடைத்தாலும் மறுபடி பிளக்கும். மேலிருந்து கீழாக நேராக ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் கான்கிரீட் காயும்போது சுருங்கியதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சுவரின் நடு உயரத்தில் கிடையாக ஓடினாலோ, சுவர் உள்ளே வளைந்திருந்தாலோ, செங்கல் அடுக்கில் படிப்படியாக ஏறினாலோ, நீயும் கொத்தனாரும் தொடவே வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடு. மண் சுவரை உள்ளே தள்ளுகிறது, அல்லது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. நீ எப்படிப்பட்ட விரிசல் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை.

அடுத்த மழையில் குடையோடு வெளியே போய் அந்தச் சுவர் ஓரம் நில். நான் அப்படி நின்ற அன்றைக்குத்தான் பார்த்தேன், கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே குழாயில் இறங்கி, விரிசலுக்கு நேர் மேலே, சுவர் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. தரையும் வருடக்கணக்கில் அமுங்கி வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. குழாயை நீட்டி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி விட்டேன். சுவரை ஒட்டிக் களிமண் போட்டு இடித்து, முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டர் இறங்கும்படி வெளிநோக்கி வாட்டம் கொடுத்தேன். இரண்டு நாள் மண்வெட்டி வேலை, அவ்வளவுதான். அந்த வருடக் கசிவில் பெரும்பங்கு அதிலேயே நின்றுபோனது.

மிச்சம் இருந்தது விரல் நீளத்துக்கு ஒரே இடம். அதை அடைத்தது நானே. உளியால் விரிசலை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினேன், வாய் குறுகி உள்ளே அகன்றிருக்கும்படி. அப்போதுதான் அடைப்பு வெளியே பிதுங்கிவராது. தூசியைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, உடனே இறுகும் ஹைட்ராலிக் சிமென்ட்டைக் கைப்பிடி அளவு மட்டும் குழைத்தேன். மூன்று, ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும், அதிகம் குழைத்தால் வீண். கையுறை போட்ட உள்ளங்கையில் உருட்டி, சூடேறத் தொடங்கும்போது குழியில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை எடுக்கவே கூடாது. முதலில் விரலிடுக்கில் தண்ணீர் சில்லென்று கசிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்கு அடியில் சிமென்ட் இளஞ்சூடாகி இறுகுவது தெரிந்தது. கையை எடுத்துப் பார்த்தால் இடம் காய்ந்திருந்தது.

நீளமான விரிசலுக்கு இந்த வேலை போதாது, ஊசி போடுவதுதான் சரி, அதாவது விரிசல் நெடுகத் துளைகள் வைத்து உள்ளே பிசினை அழுத்திச் செலுத்துவது. காய்ந்த விரிசலுக்கு எபாக்ஸி என்ற கெட்டிப் பிசின். பிளந்த கான்கிரீட்டைத் திரும்ப ஒன்றாக்கிவிடும், ஆனால் வளைந்து கொடுக்காது. தண்ணீர் வந்துகொண்டிருக்கும் விரிசலுக்குப் பாலியூரிதேன் என்ற இன்னொரு பிசின். ஈரம் பட்டதும் நுரைத்துப் பெருகி இடத்தை அடைக்கும், சற்று நெளிந்தும் கொடுக்கும். எதுவானாலும் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். ஒரு துளையில் செலுத்துவது அதற்கு மேல் துளையில் எட்டிப்பார்த்ததும் கீழதை மூடிவிட்டு மேலே போவார்கள். மேலிருந்து தொடங்கும் ஆளாக இருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடு.

இத்தனைக்கும் நிற்காவிட்டால் வெளியே தோண்டித்தான் ஆக வேண்டும். அஸ்திவாரம் தெரியும்வரை தோண்டி, சுவரைக் கழுவி, விரிசலை அடைத்து, தண்ணீர் புகாத பிட்டுமன் (தார் போன்றது) சவ்வு ஒட்டி, அடியில் துளையிட்ட வடிகால் குழாயை ஜல்லிக்குள் வைத்து, மண் புகாமல் வடிகட்டித் துணி சுற்றி மூட வேண்டும். செலவும் பாடும் அதிகம், ஆனால் தண்ணீரைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்துவது அதுதான். ஒன்று மட்டும் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ஆள் உயரப் பள்ளத்தில் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்காமல் நீயும் இறங்காதே, வேலையாட்களையும் இறக்காதே. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். சரிந்தால் கத்தக்கூட நேரம் இருக்காது.

அதுவரை மகளின் புத்தகங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வை.

இழைப்புளித் தகட்டைத் துரு போகத் தேய்த்துத் தீட்டிவிட்டேன். போன வாரம் ஒரு பலகையில் ஓட்டினேன். சுருள் பழைய மாதிரியே நீளமாக வந்தது.

பென்சில் கோடு போட்டதும் தேதியோடு படம் எடுத்து அனுப்பு. அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் ரசமட்டத்தையும் எடுத்து வருகிறேன், இருவருமாகச் சேர்ந்து தரைக்கு வாட்டம் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ராமு