லைட் பிடிச்ச கைக்கும், கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

நம்ம ஷாப்ல பிரிச்சு வேல பாத்த பழைய ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் ஓடுதுங்க. நேத்து சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணோம், ஆயில் பிரஷர் ஏறி நின்னுச்சு, அந்த பேரிங் சத்தம் இல்ல, சுத்தமா இல்ல. எந்த சத்தம்னு உங்க எல்லாருக்கும் தெரியும், நான் புலம்பினதையெல்லாம் பொறுமையா கேட்டவங்கதானே நீங்க, அதனால அந்தக் கதைய திரும்ப எழுதல. இங்கிலாந்துல டெர்பி பக்கத்துல உதவி பண்ணவங்களுக்கு தனித்தனியா இங்கிலீஷ்ல எழுதிட்டேன். ஆனா மனசுல இருக்கறத முழுசா கொட்டணும்னா தமிழ்லதான் முடியுது.

முதல்ல அந்தப் பெரியவர பத்தி சொல்லணும். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. ரிட்டயர்ட் ஃபிட்டர், இந்த மாதிரி பழைய எஞ்சின்லயே ஆயுசு பூரா கை வச்சவரு. நம்ம ஷாப்புக்கு வந்திருக்கறது 1912 ரோல்ஸ் ராய்ஸ் 40/50 மாடல், சில்வர் கோஸ்ட்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். 7,428 சிசி, ஆறு சிலிண்டர், மூணு மூணா ரெண்டு பிளாக். பிஸ்டன் எல்லாம் சேர்ந்து சுத்தற அந்த நீள தண்டுக்கு, அதாவது கிராங்க் ஷாஃப்டுக்கு, அத தாங்கிப் பிடிக்க ஏழு மெயின் பேரிங். எல்லாத்துலயும் ஒயிட் மெட்டல்ங்கற மெதுவான உலோகக் கலவைய உருக்கி ஊத்தி, கையால சுரண்டி உட்கார வைக்கணும். ஷாஃப்ட்ல மெல்லிசா புளூ, அதாவது தொடற இடத்த காட்டற நீல மை, தடவி, செயின் பிளாக்ல தொங்கவிட்டு பேரிங் மேல இறக்கி, சுத்தி, மறுபடி தூக்கி, எங்க புளூ ஒட்டியிருக்கோ அந்த மேட்ட மட்டும் சுரண்டணும், திரும்ப தடவணும், திரும்ப இறக்கணும். ஏழும் ஒரே நேர்ல வர்ற வரைக்கும் இதேதான் வேலை.

அவர் வந்தா சுரண்டற கருவிய, ஸ்கிரேப்பர, கையில எடுத்துக்குவாரு, நாம பக்கத்துல நின்னு பாத்துக்கலாம்னுதான் நெனச்சேன், யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. அவர் கோட்ட கழட்டி மாட்டிட்டு, ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, பெஞ்ச்ல கெடந்த இன்ஸ்பெக்ஷன் லைட்ட எடுத்து கையில பிடிச்சுக்கிட்டாரு. "நீ பண்ணு" அவ்ளோதான் சொன்னாரு.

அந்த லைட்ட அவர் நேரா பிடிக்கவே இல்ல. பேரிங் விளிம்பு ஓரமா, கிட்டத்தட்ட படுக்க வச்ச மாதிரி சாய்ச்சுப் பிடிச்சாரு. மேல இருந்து வெளிச்சம் அடிச்சா ஒயிட் மெட்டல் மொத்தமா ஒரே பளபளப்பா தெரியும், மேடு பள்ளம் ஒண்ணும் புரியாது. சாய்ச்சு அடிச்சதும் நான் முன்னாடி சுரண்டின ஒவ்வொரு கோடும் உழுத வயல் மாதிரி எழும்பி நின்னுச்சு, அதுக்கு நடுவுல புளூ பட்ட இடம் மட்டும் தனியா தெரிஞ்சுது. நான் நகர நகர லைட்டும் நகர்ந்துச்சு. கை வலிச்சிருக்கும், அந்த வயசுல வலிக்காம எப்படி இருக்கும், ஒரு வார்த்த சொல்லல. நான் அழுத்தி சுரண்டப் போனா மட்டும் லைட்ட லேசா ஆட்டுவாரு, நான் நிறுத்திடுவேன்.

நடு பேரிங்லதான் ரொம்ப நேரம் ஆச்சு. அத மத்ததவிட பெருசா வச்சிருப்பாங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரோல்ஸ் ராய்ஸ் வண்டிகள வடிவமைச்ச ஹென்றி ராய்ஸ் இதுக்கு முன்னாடி பண்ணின 30 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் வண்டில நீளமான ஷாஃப்ட் சுத்தறப்போ முறுக்கி முறுக்கி அதிர்றத தாங்காம உடைஞ்சுது. ஆறு சிலிண்டர்னாலே அப்போ எல்லாருக்கும் அந்த பயம் இருந்துச்சு. ராய்ஸ் 40/50க்கு ஷாஃப்ட்ட கெட்டியாக்கி, நடுவுல பெரிய பேரிங் குடுத்து, ரெண்டு மூணு-சிலிண்டர் எஞ்சின் முதுகோட முதுகு ஒட்டி நிக்கற மாதிரி ஆக்கிட்டாரு, ஆயிலயும் பிரஷர்ல பேரிங்குக்கு அனுப்பினாரு. 1906 நவம்பர்ல லண்டன் ஒலிம்பியா கார் ஷோல காட்டினாங்க. அடுத்த வருஷமே வெள்ளி நிறம் அடிச்ச ஒரு 40/50 வண்டி 14,371 மைல் தானா நிக்காம ஓடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ நின்னதும் எஞ்சினால இல்ல, பெட்ரோல் டேப் குலுங்கி தானா மூடிக்கிச்சு. இதெல்லாம் படிச்சு தெரிஞ்ச விஷயம்தான். ஆனா அந்த நடு பேரிங்ல முழு அகலத்துக்கும் புளூ சமமா ஒட்டினத சாய்ஞ்ச வெளிச்சத்துல பாத்தப்பதான், எந்த நம்பிக்கைல அந்த வண்டிய அவ்ளோ தூரம் ஓட்ட துணிஞ்சாங்கன்னு எனக்கு உடம்புக்கே புரிஞ்சுது.

சுரண்டற வேலைய பெரியவரே பண்ணியிருந்தா பாதி நேரத்துல முடிஞ்சிருக்கும், அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். வேல முடியறதவிட வேல இன்னொரு கைக்கு போய் சேரணும்ங்கறது அவருக்கு முக்கியமா பட்டிருக்கு. தெரிஞ்ச ஒருத்தர் தெரியாத ஒருத்தருக்கு லைட் பிடிச்சுக்கிட்டு அவ்ளோ நேரம் உக்காந்திருக்கறத நான் எந்த ஷாப்லயும் பாத்ததில்ல. காசு பத்தி பேச்செடுத்தேன், கோட்ட மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாரு.

மத்தவங்க எல்லாருக்கும் சேர்த்து சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க. ஒயிட் மெட்டல் ஊத்தறதுக்கு முன்னாடி பேரிங்கோட வெளி ஓட்ட, ஷெல்ல, எவ்ளோ சூடாக்கணும், ஈயப்பூச்சு எப்படி பிடிக்கணும்னு ராத்திரி தூக்கத்த கெடுத்துக்கிட்டு வீடியோ கால்ல சொல்லிக்குடுத்த கோயமுத்தூர் ஃபவுண்ட்ரி அண்ணா, எஞ்சினுக்கு தீப்பொறி தர்ற மேக்னெட்டோவ தன் பையில வச்சு ரயில்ல பத்திரமா கொண்டு வந்து சேத்த தங்கச்சி, அவசரப்படுத்தாம காத்திருந்த வண்டி ஓனர், சாப்பாடு கட்டிக் குடுத்த லெஸ்டர் அக்காங்க, கேஸ்கெட் வெட்ட உக்காந்த பசங்க, நீங்க யாரும் இல்லன்னா நான் பாதியிலயே கைய விட்டிருப்பேன்.

ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். அடுத்த எஞ்சின் ஷாப்புக்குள்ள வர்றப்போ மெயின் பேரிங் சுரண்டறது நம்ம அப்ரண்டிஸ் பொண்ணுதான், ஸ்டூல்ல நான். எவ்ளோ நேரம் ஆனாலும் ஸ்கிரேப்பர வாங்க மாட்டேன். இத உங்க எல்லார் முன்னாடியும் சொல்லி வைக்கறேன், அப்பதான் மாற மாட்டேன்.

இனி கொஞ்ச நாள் வண்டிய மெதுவாதான் ஓட்டணும், அப்புறம் ஆயில வடிச்சு அதுல மெட்டல் துகள் இருக்கான்னு பாக்கணும். கோயமுத்தூர் அண்ணா, ஐடிலிங் வீடியோ அனுப்பியிருக்கேன், ஹெட்போன் போட்டு கேளுங்க, ஏதாவது பட்டுச்சுன்னா உடனே கூப்பிடுங்க.