வண்டி வாங்கப் போகும் மகளுக்கு

அம்மாடி,

போன வாரம் நான் அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் சேர்த்து "ஓகேம்மா" என்று ஒரு பதில் வந்தது. வேலை இருக்கும், தெரியும். அதுவும் ஆறு மாத வயிற்றோடு. கோபித்துக்கொண்டு எழுதவில்லை. போனில் என்றால் நீ "அப்புறம் பேசறேன்" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. மற்றதெல்லாம் பிறகு. முதலில் வண்டி விஷயம்.

நான்கு எஸ்யூவி படங்களை அனுப்பி "எது நல்லா இருக்கு?" என்று கேட்டாய். நான் வெள்ளை என்றேன். நிறத்தைப் பற்றிச் சொல்ல மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாய். அன்றிலிருந்து இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் பழைய டைரியில் பாதி நிரம்பிவிட்டது. ஒரு பென்சில் டப்பா வாங்கவே ஐந்து கடை ஏறி இறங்கிய பெண் நீ. இந்த முறை மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

"அஞ்சு ஸ்டார் வண்டிம்மா" என்று சொன்னாய். சரி, எந்த வருடத்து ஐந்து ஸ்டார்? புது வண்டிகளை மோத விட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 1997-இல் முதல் முடிவுகளை வெளியிட்டது. அதற்குப் பிறகு சோதனையை அவ்வப்போது கடினமாக்கிக்கொண்டே வருகிறார்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய ஐந்தும் இப்போது வாங்கிய ஐந்தும் ஒன்றில்லை. எந்த வேரியன்ட்டை மோத விட்டார்கள் என்றும் பார். படத்தில் இருப்பது மேல் வேரியன்ட்டாக இருக்கும், நீங்கள் வாங்குவது கீழ் வேரியன்ட்டாக இருக்கும், பக்கவாட்டு ஏர்பேக்கும், ஜன்னலோரம் திரைபோல் விரிகிற கர்ட்டன் ஏர்பேக்கும் அதில் இல்லாமல் போகலாம். பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண் கொடுக்கிறார்கள். நீ குழந்தைகளுக்கானதை முதலில் படி.

இன்னொன்று படித்தேன். அது மனதை விட்டுப் போகவில்லை. அதேபோல் ஸ்டார் கொடுக்கும் இன்னொரு அமைப்பான குளோபல் என்கேப்பின் முன்மோதல் சோதனையில் வண்டியை 64 கி.மீ. வேகத்தில் மோத விடுகிறார்கள். உள்ளே மனித பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாப் பொம்மைக்கும் பெல்ட் போட்டிருக்கிறார்கள். குழந்தைப் பொம்மைகளைக் குழந்தை சீட்டில் கட்டியிருக்கிறார்கள். அந்த நட்சத்திரமெல்லாம் பெல்ட் போட்ட பொம்மைக்குக் கிடைத்த நட்சத்திரம், அம்மாடி. நின்றுகொண்டிருந்த பொம்மைக்கு யாரும் நட்சத்திரம் கொடுக்கவில்லை.

உயரமான வண்டி என்றால் பயமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். உயரத்தில் உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியும், அது உண்மைதான். ஆனால் பாரம் மேலே இருக்கும். திடீரென்று ஒடித்துத் திருப்பினால் தாழ்ந்த காரைவிடச் சீக்கிரம் கவிழும். 1997-இல் மெர்சிடஸ் ஏ-கிளாஸ், அது சின்ன வண்டிதான், ஆனால் உயரம், ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில் குறுக்கே எதுவோ வந்ததுபோல் சட்டென்று திருப்பியபோது கவிழ்ந்துவிட்டது. அதன் பிறகு அந்த மாடலின் எல்லா வண்டியிலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலைப் பொருத்திக் கொடுத்தார்கள். வண்டி வழுக்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போட்டு நேராக்குகிற ஏற்பாடு அது. ஈஎஸ்சி என்றும் ஈஎஸ்பி என்றும் எழுதியிருப்பார்கள். அது இல்லாத எஸ்யூவியைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கூரைமேல் பெட்டி அடுக்கும் பழக்கமும் வேண்டாம். மேலே பாரம் ஏற ஏற கவிழ்கிற ஆபத்தும் ஏறும்.

மூக்கு உயர்ந்த வண்டியில் முன்னால் நிற்கிற குழந்தை ஓட்டுகிறவர் கண்ணில் படாது. பின்னால் இன்னும் மோசம். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புது வண்டிகளில் பின்பக்கக் கேமரா கட்டாயம் ஆனதற்கு இதுதான் காரணம். கேமரா இருந்தாலும், வண்டியை எடுக்கும் முன் யாழினி யார் கையில் இருக்கிறாள் என்று ஒரு தடவை பார்த்துவிடு.

கடைசி வரிசையைப் பற்றி மாப்பிள்ளை சொன்னதை யோசித்தேன். குழந்தைகள் பின்னால் விளையாடிக்கொண்டு வரட்டும், நாங்கள் வரும்போது நடுவில் வசதியாக உட்காரட்டும் என்றார். எங்களை நினைத்துத்தான் சொன்னார், சந்தோஷமாக இருந்தது. ஆனால் பல வண்டிகளில் மூன்றாம் வரிசையின் முதுகுக்கும் பின்கதவுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. பின்னால் ஒரு லாரி இடித்தால்? சில மாடல்களில் கர்ட்டன் ஏர்பேக் அங்கே எட்டாது, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் கிடையாது. வருடத்துக்கு இரண்டு தடவை வரும் எங்களுக்காக ஏழு பேர் வண்டி எதற்கு? ஐந்து பேர் வண்டி எடுங்கள். நடு வரிசையில் இரண்டு குழந்தை சீட்டையும் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் பஸ்ஸில் வந்துகொள்கிறோம்.

பிறக்கப் போகிற குழந்தையின் சீட் வண்டியின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஐரோப்பாவின் புது விதியில் குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான். முடிந்தவரை அதற்கு மேலும் நீட்டுவது நல்லது. பிஞ்சுக் கழுத்து அது, தலை பாரம் தாங்காது. அந்த சீட்டை முன்னால், ஏர்பேக் வேலை செய்கிற இடத்தில் வைக்கவே கூடாது. விரிகிற வேகத்தில் ஏர்பேக்கே குழந்தையைக் கொன்றுவிடும். நீயும் பெல்ட்டை விடாதே. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றுக்குப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் மேல் போகக் கூடாது. அப்பா உனக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவரையும் பெல்ட் போடச் சொல். அவருக்குப் பிடிக்காது, முறைப்பார், போடச் சொல். பின்னால் பெல்ட் இல்லாதவர் மோதலில் முன்சீட்டின் முதுகில்தான் வந்து விழுவார். முன்னால் நீ இருப்பாய், வயிற்றில் குழந்தை இருக்கும்.

வண்டி ஓடும்போது யாழினி சீட்டில்தான் இருக்க வேண்டும். அழுதாலும் சீட்டில்தான். அடுத்த தெருவுக்குப் போனாலும் சீட்டில்தான்.

வண்டியை ஓட்டிப் பார்க்கப் போன அன்று எடுத்த வீடியோவை எல்லோரும் பார்த்தோம். சன்ரூஃப் வழியாகத் தலையை வெளியே நீட்டி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே, அது. எவ்வளவு சிரிப்பு அவள் முகத்தில்! நானும் ஒரு இதயம் போட்டேன். சித்தி போட்டாள், பெரியம்மா போட்டாள், நானும் போட்டேன். அன்று இரவு தூங்கவில்லை.

மாப்பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அவரைப்போல் குழந்தைமேல் உயிரை வைத்திருக்கும் அப்பாவை நான் பார்த்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று இரவு அவர்தானே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசையில்தான் நிற்க வைத்திருப்பார். ஆசையில்தான் எல்லாரும் செய்கிறோம்.

50 கி.மீ. வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாம் மாடி. மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் அவளை நிற்க வைப்போமா? உள்ளே எத்தனை ஏர்பேக் இருந்து என்ன, தலை வெளியே இருக்கிறதே.

இதற்கு மேல் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் இந்தத் தாளை மூடி வைத்திருந்தேன்.

உன் புருவத்துத் தழும்பு மாடிப்படியில் விழுந்து வந்ததில்லை, அம்மாடி. நீ யாழினியிடம் "படியில ஓடாதே, அம்மாவுக்குப் பார்" என்று தொட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அது நீல வண்டியில் வந்தது. உனக்கு நாலு வயது. முன்சீட் இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, கைக்கொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டே வருவாய். எப்போதும் அப்படித்தான் வருவாய். பின்னால் உட்கார வைத்தால் அழுவாய். எனக்கும் உன் பாட்டு காதுக்குப் பக்கத்தில் கேட்டால் பிடிக்கும். அதுதான் உண்மை, நீ அழுததால் மட்டும் இல்லை.

ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் பிரேக் போட்டேன். முப்பதுகூட இருக்காது வேகம். வண்டி எதிலும் மோதவில்லை, ஒரு கீறல் இல்லை. நீ முன்னால் பறந்து போய் டாஷ்போர்டு விளிம்பில் விழுந்தாய். நாலு தையல். டாக்டரிடம் படி என்றேன். அப்பாவிடம் படி என்றேன். உன்னிடமும் படி, படி என்று சொல்லிச் சொல்லி நீயே அதை நம்பிவிட்டாய். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே ஆளைக் கூட்டிவந்து மாடிப்படிக்குக் கதவு போட்டார். அந்தக் கதவு இன்னும் இருக்கிறது. இத்தனை வருடமாக தினமும் அதைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று பெல்ட் இல்லாமல் இல்லை. மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டை நீல்ஸ் போலின் என்ற எஞ்சினியர் 1959-இலேயே வால்வோ வண்டிக்குச் செய்துவிட்டார். காப்புரிமையை வைத்துப் பணம் பண்ணாமல் எல்லாக் கம்பெனியும் செய்துகொள்ளலாம் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. நீல வண்டியிலும் அது இருந்தது. அதில் நான் கைப்பை மாட்டி வைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் படிக்கதவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, "அவளுக்கும் எழுது" என்றார்.

வண்டியைப் பற்றிய பக்கங்களை மட்டும் மாப்பிள்ளையிடம் காட்டு, மற்றதை நீயே வைத்துக்கொள் என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். எல்லாவற்றையும் காட்டு. வீடியோவைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். இது மாமியார் தன்னைப் பற்றி எழுதியது என்று மட்டும் சொல்லிக் கொடு.

டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும், வாங்கும்போது பார். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். புது வண்டி என்று சொல்லிப் பழைய டயரைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள்.

யாழினி சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டிருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு. அழுதுகொண்டிருந்தாலும் பரவாயில்லை.

அம்மா