காந்தார் எண்ணெய் வயலின் பழைய கிணறுகளை முதலில் காட்டுங்கள்

பெட்ரோலியம், இயற்கை எரிவாயு அமைச்சகத்துக்கும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்துக்கும்,

வணக்கம். குஜராத்தின் கோயலி சுத்திகரிப்பு ஆலையில் வெளியாகும் கரியமில வாயுவை, மிச்ச எண்ணெயை வெளியே தள்ளவும் நிலத்தடியிலேயே சேமித்து வைக்கவும், பரூச் மாவட்டக் காந்தார் எண்ணெய் வயலில் செலுத்த 2019இல் ஒப்பந்தம் போடப்பட்டது தாங்கள் அறிந்ததே. திட்டத்தை எதிர்க்கவில்லை. செலுத்தும் முன், அங்குள்ள ஒவ்வொரு பழைய கிணற்றின் நிலையையும் வெளியிடுங்கள் என்றே கேட்கிறோம்.

இத்தனை காலம் எண்ணெய்க்கு மேலே மூடிபோல் இருந்து அதைப் பிடித்து வைத்த மூடுபாறை, வாயுவையும் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். பாறை பிடிக்கும். அதைத்தான் கிணறு கிணறாகத் துளைத்து வைத்திருக்கிறோமே! 31 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 74 பார் அழுத்தமும் தாண்டிய ஆழத்தில் இந்த வாயு கிட்டத்தட்டத் திரவம்போல் அடர்ந்திருக்கும். ஆனாலும் நீரைவிட லேசு, மேலேறவே பார்க்கும். நீரில் கரைந்தால் அமிலம். கிணற்றுக்குள் இறக்கிய எஃகுக் கேசிங் குழாய்க்கும் அதைச் சுற்றி நிரப்பிய சிமென்ட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும்: ஒருபுறம் எஃகை அரிக்கும், மறுபுறம் சிமென்ட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும். அமெரிக்காவின் டிகேட்டரில், வாயுச் சேமிப்புக்கென்றே தோண்டிய கண்காணிப்புக் கிணற்றிலேயே குழாய் அரித்து, அனுமதியில்லாத அடுக்குக்குள் வாயு புகுந்தது 2024இல் வெளிவந்தது. வெறும் எண்ணெய்க்காகத் தோண்டிய பழைய கிணறுகளுக்கு என்ன உத்தரவாதம்?

கைவிட்ட கிணற்றின் குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, மண்ணை மூடிவிடுவது வழக்கம். மேலே உழுகிறவருக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கசிந்தால் மணக்காது, கண்ணுக்கும் படாது. காற்றைவிடக் கனமாகையால் பள்ளத்தில் தேங்கும். 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சட்டார்ஷியாவில் கரியமில வாயுக் குழாய் உடைந்தபோது, ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்களே நின்றுபோயின. கிணற்றுக் கசிவு அத்தனை வேகமாக வராது. ஆனால் எங்கிருந்து வருகிறதென்று தேடவே பட்டியல் வேண்டுமல்லவா?

கணக்கும் நேராக இல்லை. செலுத்தும் வாயுவில் ஒரு பங்கு எண்ணெயோடு திரும்பி வரும்; பிரித்து மறுபடி செலுத்துவார்கள். அதே டன்னை இரண்டு முறை எண்ணிவிட்டு "சேமித்தோம்" என்று அறிவிப்பது நாட்டையே ஏமாற்றுவதாகும்.

ஆகவே பணிவோடு கேட்கிறோம்: ஒவ்வொரு கிணற்றுக்கும் இருப்பிடம், சிமென்ட் அடைப்புகளின் ஆழம், சிமென்ட் பிடிப்பைக் கடைசியாகச் சோதித்த தேதி, கேசிங் இடைவெளியின் அழுத்தம் ஆகியவற்றை வெளியிடுங்கள். ஆவணம் கிடைக்காத கிணற்றுக்கு "ஆவணம் இல்லை" என்றே எழுதுங்கள். பட்டியல் குஜராத்தியில், பரூச் மாவட்டப் பஞ்சாயத்துகளின் கையில், முதல் டன் உள்ளே போகும் முன் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கிணற்றுப் பணி அறிந்த பொறியாளர்கள்