கீழ்ப்பாக்கத்தில் காத்திருந்த ஆட்டோ அண்ணனுக்கு

அண்ணா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சென்ட்ரலில் தம்பியோடு உங்கள் ஆட்டோவில் ஏறினேன். அவனுக்குக் குடி, கூடவே மாத்திரை. ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். “மூணு மாசம் வீட்டாள் யாரும் பார்க்கக் கூடாது, முன்பணத்தை இப்பவே போடுங்க” என்றார்கள்.

நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்கள். “மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேளும்மா.” கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்!

அப்புறம் உங்கள் போனிலேயே 14446-ஐ அழைத்துக் கொடுத்தீர்கள். போதையிலிருந்து மீள உதவும் கட்டணமில்லா எண்ணாம், எனக்கு அதுவரை தெரியாது. “குடியைச் சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், டாக்டர் இல்லாத இடத்துல விட்டுடாத” என்று சொல்லி, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பினீர்கள். நான் தம்பியின் நடுங்கும் கையைப் பிடித்திருக்க, ஓ.பி. சீட்டு வரிசையில் நீங்கள் நின்றீர்கள். அவனுக்கு டீ வாங்கி, பாதி கிளாஸ் மட்டும் ஊற்றிக் கொடுத்தீர்கள், சிந்தாமல் இருக்க. அந்தப் பக்குவம் எங்கே கற்றீர்களோ, நான் கேட்கவில்லை.

காத்திருந்ததற்குக் காசும் வாங்கவில்லை.

தம்பி உங்களை விசாரிக்கிறான். மருந்து வாங்க வரும்போதெல்லாம் வாசலில் நிற்கும் ஆட்டோக்களைக் குனிந்து குனிந்து பார்க்கிறோம்.