மார்கழியில் ஒரு சேதி

அன்புள்ள கோமு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதி படித்ததும் என் தையல் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். மகளுக்குப் பத்தியச் சமையல் பார்க்கும் அவசரத்தில் உன் முட்டியைக் கவனிக்காமல் விட்டுவிடாதே.

இங்கே செங்கோட்டையில் சபரிமலை சீசன் உனக்குத் தெரியாததா? கார்த்திகை பிறந்தால் சுரண்டை, தென்காசி பக்கமிருந்து புளியரை வழியாக மலைக்குப் போகும் வண்டிகள் நிற்காமல் ஓடும். எனக்கும் இருமுடிப் பை தைப்பதிலேயே பொழுது போய்விடும். கறுப்பு, நீலம், காவி என்று துணி மலையாகக் கிடக்கும். தலையில் அமரும் நடுப்பகுதிக்கு மட்டும் இரட்டைத் தையல் போடுவேன். நெய்த்தேங்காயின் கனம் அங்கேதான் இழுக்கும்.

அப்படி ஒரு நாள்தான் அவர் வந்தார். குளத்துப்புழைக்காரர், மாலை போட்டிருந்தார். கையில் நைந்துபோன ஒரு பழைய பை. புதுசே வாங்கிக்கொள்ளலாமே என்றேன். அது அவருடைய அப்பாவுடையதாம். அப்பா அதைச் சுமந்து பதினெட்டு வருசம் மலைக்குப் போய், கடைசி வருசம் தென்னங்கன்றும் கொண்டுபோன குருசாமி. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் அவர்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் இவர்களுக்காகவே கேரளாவில் ரப்பர் தோட்டம் போட்டபோது குளத்துப்புழை தொழிலாளர் லயத்துக்கு வந்திருக்கிறார்கள். இவர் பிறந்தது அங்கேதான். இப்போது அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறார். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகும் வேலை.

அந்தப் பையைப் பிரித்து, கிழிந்த இடத்துக்கு உள்ளே வேறு துணி கொடுத்துத் தைத்தேன். பழைய நூலை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அது அவருடைய அம்மா தைத்ததாம். கோமு, அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அப்போது அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு துண்டு, ஜோல்னாப் பை என்று ஏதாவது காரணத்தோடு வருவார். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். என் மகளோட அப்பா போய்ப் பத்து வருசம் ஆகப்போகிறது. நான் சாப்பிட்டேனா என்று வீட்டுக்கு வெளியே ஒருவர் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

ஆனாலும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. விரதம் முடித்து மலைக்குப் போய்த் திரும்பியவர், மாலையைக் கழற்றிய பிறகு அரவணை டின்னோடு வந்தார். முகம் மழித்திருந்தார், எனக்கு யாரோ போல இருந்தது. "மாலை போட்டிருக்கையில இதை நினைக்கக் கூடாதுன்னு இருந்தேன். உங்களுக்கு இஷ்டம்னா உங்க அண்ணன்கிட்ட வந்து பேசுறேன். இல்லைன்னா இனி பை தைக்க மட்டும் வாரேன்" என்றார். அவருக்கும் மனைவி இல்லை. மகன் துபாயில். எனக்குப் பேச்சே வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

லீவுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் என் மகள் வந்திருந்தாள். வழக்கம்போல ஆரியங்காவு ஐயப்பன் கோயில் திருக்கல்யாணத்துக்குப் போனோம். மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் சீர்வரிசையோடு வந்து, புஷ்கலைக்குப் பெண் வீட்டுக்காரர்களாக நின்றார்கள். குளத்துப்புழையில் பாலகனாக இருக்கிற சாஸ்தா அங்கே மாப்பிள்ளை. தாலி கட்டும் வேளையில் கல்யாணம் நின்றுபோகும், வருசா வருசம் அப்படித்தான். எனக்குக் கண் கலங்கியது. கூட்டத்தில் அவரும் இருந்தார். எங்கள் இருவருக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாரும்மா?" என்றாள். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். செங்கோட்டை வரும்வரை என் கையை அவள் விடவில்லை.

அண்ணன்தான் முறைத்துக்கொண்டிருக்கிறான். இந்த வயசிலா, அதுவும் கேரளாக்காரனா என்கிறான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம செங்கோட்டையே திருவிதாங்கூர்தானே, நம்ம தாத்தா எந்த ஊர்க்காரர் என்று மதினி கேட்டாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. வருவான், எனக்குத் தெரியும்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். வேண்டியதைத் தைத்துக்கொடுத்து, மகளை ஆளாக்கி, இனி நமக்கென்று எதுவும் இல்லை என்றுதான் இருந்தேன். இப்போது காலையில் எழுந்தால் அன்றைக்கு என்ன நடக்கும் என்று ஆசையாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

தை பிறந்ததும் இலஞ்சி குமாரர் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். பெரிதாக ஒன்றும் இல்லை, மாலை மாற்றி, தாலி கட்டி, அப்புறம் பதிவு செய்வது. நீ வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். பச்சைக் குழந்தையை விட்டு வர முடியாது என்றால் ஒரு நாளாவது வா. என்றைக்கு ரயில் ஏறுகிறாய் என்று முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேருமே வருகிறோம்.

உன்,
செல்வி