பாப்பா ‘வந்துச்சு’, மகள் ‘வந்தாள்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பகுதியில், பிள்ளையை ‘பாப்பா’ என்று கூப்பிடுவதை எந்த வயதில் நிறுத்த வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மூன்று வயதில் என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். அது தவறான பதில் அல்ல. ஆனால் அதை நம்பி மூன்றாவது பிறந்தநாள் காலையில் சட்டென்று நிறுத்தப் போனால் அழுகைதான் மிஞ்சும். இந்த மாற்றம் ஒன்றரை வயதில் தொடங்கி மூன்றரை வயதுவரை கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டியது. எதை முதலில் விடுவது, எதைக் கடைசியில் விடுவது என்று ஒரு வரிசையும் இருக்கிறது.

முதலில் மாற வேண்டியது ‘பாப்பா’ என்ற சொல் அல்ல, அதற்குப் பின்னால் வரும் வினை. ‘பாப்பா தூங்குது’, ‘பாப்பா சாப்பிட்டுச்சு’ என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். குழவி, மகவு போன்ற சொற்கள் உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை போல முடிவு பெறும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது; ஆகவே இதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் பேச்சைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பவை காதில் விழுந்தால்தான் அவை தன்னையும் குறிக்கும் என்று புரியும். ஒன்றரை வயதில் இதைத் தொடங்கலாம். பிள்ளையைப் பற்றி மற்றவரிடம் பேசும்போது ‘தூங்குறா’, ‘தூங்குறான்’ என்று சொல்லுங்கள். கொஞ்சும் சொல் அப்படியே இருப்பதால் பிள்ளை எதையும் இழந்ததாக உணராது. பெரியவர்கள் நாவுக்குத்தான் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வளர்ந்த பெண்ணையும் ‘அது வந்துச்சு’ என்று பாசமாகச் சொல்லும் வீடுகள் உண்டு. அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அடுத்தது நான், நீ. ‘பாப்பாவுக்கு வேணுமா? அம்மா தரட்டுமா?’ என்றே இரண்டு வயதுவரை பேசினால், பிள்ளையும் ‘பாப்பாவுக்கு வேணும்’ என்றுதான் கேட்கும். இரண்டு வயதை ஒட்டி ‘உனக்கு வேணுமா? நான் தரட்டுமா?’ என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் ஒரு குழப்பம் வரும். தனக்கு வேண்டியதைக் கேட்கப் பிள்ளை ‘உனக்கு வேணும்’ என்று சொல்லும். காரணம் எளிது: அதை நோக்கி வந்த சொல் ‘உனக்கு’தான். ‘அப்படிச் சொல்லக் கூடாது, எனக்குன்னு சொல்லு’ என்று திருத்தினால் இன்னும் குழம்பும், ஏனென்றால் திருத்துகிறவர் வாயிலிருந்து வரும் ‘எனக்கு’ திருத்துகிறவரையே குறிக்கிறது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் இருவர் தங்களுக்குள் ‘உனக்கு வேணுமா?’, ‘எனக்கு வேண்டாம்’ என்று பேசிக்கொள்வதே சரியான வழி. அடுத்தவர் பேச்சைக் கேட்டுத்தான் இந்தச் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பது பிடிபடும். நாளுக்கு நாலைந்து முறை கேட்டால் போதும், தனிப் பாடம் வேண்டாம்.

மூன்றாவது, பெயர். பெரும்பாலான வீடுகள் தவறு செய்யும் இடம் இதுதான். செல்லத்துக்குப் பாப்பா, கண்டிப்புக்கு முழுப்பெயர் என்று பிரித்துவிடுகிறார்கள். விளையாடும்போது பாப்பா, தண்ணீரைக் கொட்டியதும் முழுப்பெயர். இப்படி ஒரு வருடம் போனால் சொந்தப் பெயரே பிள்ளைக்கு அபாயச் சங்காகிவிடும். பள்ளியில் ஆசிரியை வருகைப் பதிவேட்டைப் பார்த்து அன்பாகவே கூப்பிட்டாலும் முகம் சுருங்கிக் கீழே பார்க்கும். இன்னொரு வகைப் பிள்ளைகள் அது தன்னைத்தான் என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பள்ளியில் சேர்வதற்கு மூன்று மாதத்துக்கு முன்பாவது பெயரை நல்ல செய்திகளோடு சேர்த்துச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லிவிட்டு இரண்டு விநாடி நிறுத்துங்கள். பிள்ளை திரும்பிக் கண்ணைப் பார்த்த பிறகு ‘வா, வெளியே போகலாம்’ என்று மீதியைச் சொல்லுங்கள். கண்டிக்கும்போது பெயரை விட்டுவிட்டுச் செயலை மட்டும் சொல்லுங்கள்: ‘தண்ணி கொட்டிடுச்சு, துணி எடுத்துட்டு வா.’

பெயரை முன்கூட்டியே பழக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது மாதக் குழந்தை பெயர் சொன்னால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கும். ஒரு வயது தாண்டியும் திரும்பாவிட்டால் முதலில் காது கேட்கும் திறனையும், பிறகு வளர்ச்சியையும் மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். பாப்பா, குட்டி, தங்கம், பட்டு என்று ஆளுக்கொன்றாகக் கூப்பிடும் வீட்டில், ‘பெயர் சொன்னால் திரும்புகிறதா?’ என்று மருத்துவர் கேட்டால் எந்தப் பெயரை வைத்துப் பதில் சொல்வது? செல்லப் பெயர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். கூப்பிட மட்டும் ஒரே பெயரை எல்லோரும் பயன்படுத்துங்கள். கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை தன் பெயர் ‘பாப்பா’ என்றும் பெற்றோர் பெயர் ‘அம்மா, அப்பா’ என்றும் சொன்னால் தேடுகிறவர்களுக்கு அதனால் பயன் இல்லை. நான்கு வயதுக்குள் தன் முழுப்பெயரும் பெற்றோர் பெயரும் சொல்லத் தெரிய வேண்டும்.

சொல்லை விட வேண்டிய நேரத்தைப் பிள்ளையே காட்டிக்கொடுக்கும். தன்னைவிடச் சின்னக் குழந்தையைச் சுட்டி ‘பாப்பா’ என்று சொல்லும். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிந்துகொள்ளும். தன் பழைய புகைப்படத்தைப் பார்த்து ‘பாப்பா’ என்றும், புதிய படத்தைப் பார்த்துத் தன் பெயரையோ ‘நான்’ என்றோ சொல்லும். இந்தப் புகைப்படச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஐந்து நிமிடம் போதும். கடைசியில் ஒரு நாள் ‘நான் பாப்பா இல்ல’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ‘சரி, உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று கேட்டு, சொல்லும் பெயரை அன்றே பயன்படுத்துங்கள். பிறகு ராத்திரி தூங்கப் போகும்போது அதே பிள்ளை பாப்பாவாக மடியில் வந்து சுருண்டால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் உண்மைதான்.

அடுத்த குழந்தை பிறக்கும் நேரம் தனியாகச் சொல்ல வேண்டியது. நேற்றுவரை பாப்பாவாக இருந்த பிள்ளையிடம் மருத்துவமனையில் வைத்தே ‘இனிமே நீ பாப்பா இல்ல, அக்கா’ என்கிறார்கள். பட்டத்தோடு மடியும் பறிபோகிறது. அதன் பிறகு படுக்கையை நனைப்பது, பால் புட்டி கேட்பது, விட்டுப்போன மழலை திரும்புவது எல்லாம் வரும். பெயர் மாற்றத்தைப் பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்பே முடியுங்கள். முடியாவிட்டால் புதுக் குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்வரை தள்ளிப்போடுங்கள்; வீட்டில் இரண்டு பாப்பா இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மூத்தது பழையபடி பாப்பாவாக விரும்பினால் தினமும் பத்து நிமிடம் மடியில் வைத்து அந்த விளையாட்டை விளையாடலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும்.

‘பெரிய பையன்’, ‘பெரிய பொண்ணு’ என்ற சொற்களிலும் கவனம் வேண்டும். ஊசி போடும்போது, பொம்மையை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது, அழக் கூடாது என்னும்போது மட்டுமே அந்தச் சொற்கள் வந்தால், வளர்வது என்றால் இழப்பது என்றே பிள்ளை கணக்குப் போடும். வளர்ந்ததற்கு வரவும் இருக்க வேண்டும்: உடையைத் தானே தேர்ந்தெடுப்பது, பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கப் போவது. அதே போல ‘பாப்பா மாதிரி அழாதே’ என்பதை இன்றே விடுங்கள். கொஞ்சும் சொல்லைத் திட்டும் சொல்லாக்கினால் இரண்டுக்கும் பயனில்லாமல் போகும்.

எட்டு ஒன்பது வயதில், நண்பர்கள் முன் அப்படிக் கூப்பிடாதே என்று பிள்ளை கேட்கும். வீட்டுக்குள் மட்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தாத்தா பாட்டிக்கும் அதே எல்லை போதும், தடை வேண்டாம்.

வளர்ச்சி தாமதமான பிள்ளைகளைப் பதினைந்து, இருபது வயதிலும் ஊரே பாப்பா என்று கூப்பிடுவது மனதை வருத்துகிறது. பேச்சு வராவிட்டாலும் பெயரும் வயதுக்கேற்ற மரியாதையும் அவர்களுக்கும் உரியவை. வினையை மாற்றுவது, பெயர் சொல்லிக் காத்திருப்பது என்று மேலே சொன்ன எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும். கூடுதல் காலம் கொடுத்தால் போதும்.

கடைசியாக, இதழுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்து 28 நாள்வரை உள்ள பச்சிளங்குழந்தையும் குழந்தைதான். 1989ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின்படி 18 வயது நிரம்பாதவரும் குழந்தைதான். இந்த ஒரே சொல்லில் வரும் கேள்விகளுக்குச் சரியான பதில் தர முடியாது. உலக சுகாதார அமைப்பின் 2006 வளர்ச்சி அட்டவணைகளில்கூட இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து நீளம், அதன் பிறகு நிற்கவைத்து உயரம் என்று அளவே மாறுகிறது, இரண்டுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் வைக்கிறார்கள். ஆகவே உங்கள் கேள்வி பதில் பகுதியில் இரண்டு வயதுவரை வயதை மாதத்திலும், அதற்கு மேல் வருடம், மாதம் இரண்டிலும் அச்சிடுங்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, இரண்டு வயதுவரை, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்து இன்று 12 மாதமான குழந்தையின் வளர்ச்சியைப் பத்து மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர்