நீ அனுப்பிய துணித்துண்டுகள்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

பார்சல் புதன்கிழமையே வந்துவிட்டது. அன்றிரவே பிரித்தேன். சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக், ஃப்ளீஸ் என்று ஒவ்வொரு பின்னல் துணியின் ஓரத்திலும் கேஜும் (அங்குலத்துக்கு எத்தனை ஊசி) ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எழுதி அனுப்பியிருக்கிறாய். ஹாஸ்டலில் என் ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடுத்தபோது இருந்த அதே சாய்ந்த எழுத்து. தங்கச்சி கையால் பின்னி வைத்த தடித்த நூல் சதுரத்தை என் மனைவி இப்போதே கேட்டு வைத்துவிட்டாள், வேலை முடிந்ததும் தனக்கு வேண்டுமாம். தங்கச்சியிடம் சொல்.

இவ்வளவு அவசரமாக ஏன் கேட்டேன் என்பதைப் போனில் முழுதாகச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பொங்கோலில் ஒரு நாலறை வீவக வீட்டுக்கு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கு, உள்ளே எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுத்தேன். புதிதாகச் சாவி வாங்கிய நம் ஆட்கள், இளம் தம்பதி. வரவேற்பறைப் படத்தில் சோபாவின் கைப்பிடியில் ஒரு பின்னல் போர்வையைப் போட்டிருந்தேன். இந்த வெயில் ஊரில் போர்வை எதற்கு என்று நீ கேட்பாய். வீட்டுக்கு வீடு ஏர்கான் ஓடுகிறது. அதைவிட, ஒரு பின்னல் துணி இருந்தால் அறைக்கே ஒரு கதகதப்பு வந்துவிடும். அவர்களுக்கும் படத்தில் மனசில் நின்றது அந்தப் போர்வைதான். ஆனால் டெக்ஸ்சரை, அதாவது பொருளின் மேல் ஒட்டும் துணிப் படத்தை, நான் அளவு பார்க்காமல் போட்டிருந்தேன். படத்தில் ஒரு கண்ணி, அதாவது ஒரு பின்னல் வளையம், நாலு சென்டிமீட்டர் அகலம். அவர்கள் தேடிப் பிடித்து வாங்கிய போர்வையில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. "அண்ணா, படத்தில் பார்த்தது இது இல்லையே" என்று அந்தப் பெண் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. மரத்துக்கும் மார்பிளுக்கும் மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற நான் துணியை மட்டும் ஏன் கண்ணளவில் விட்டேன் என்று அன்றிரவு தூங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு அரபு ஸ்திரீட் கடைகளில் ஏறி இறங்கினேன். பாத்திக், பட்டு, லேஸ் எல்லாம் இருந்தது. கேஜ் தெரிந்த பின்னல் துண்டு கிடைக்கவில்லை. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது.

போனில் நீ சொன்ன ஒன்று தலைக்குள்ளேயே சுற்றுகிறது. நெசவில் பாவும் ஊடும் குறுக்கே போகும், பின்னலில் நூல் தன்னையே வளைத்து முந்தைய வளையத்துக்குள் நுழைந்து போகும், அதனால்தான் அது இழுபடும் என்றாய். பதினைந்து வருடமாக நான் பின்னலை ஒரு தோல் மாதிரி பொருளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அது இழுபடும் என்று நினைத்ததே இல்லை. குஷனுக்குள் பஞ்சு அடைத்தால் நடுவில் கண்ணிகள் விரிந்து வாய் திறக்கும், தையல் ஓரத்தில் நெருங்கி நிற்கும். என் படங்களில் நடுவிலும் ஓரத்திலும் ஒரே அளவுதான் இருந்தது. எங்கே பொய் தெரிகிறது என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்பார்கள். இப்போது யுவியை, அதாவது துணிப் படம் பொருளின் மேல் எப்படிப் படியும் என்ற கணக்கை, நடுவில் தளர்த்தி ஓரத்தில் இறுக்குகிறேன். அது ஒன்றிலேயே பாதி சரியாகிவிட்டது.

உன் ஜெர்சித் துண்டை ஸ்கேனரில் 1200 டிபிஐயில் எடுத்தேன். கண்ணி வரிசைகள் நேராக நிற்காமல் லேசாகச் சாய்ந்திருந்தன. ஸ்கேன் கோணலோ என்று இரண்டு முறை திரும்ப எடுத்த பிறகுதான், நூலின் முறுக்கால் ஜெர்சி சாயும் என்று நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தச் சாய்வை நேராக்காமல் அப்படியே விட்டேன். வெட்டிய பக்க ஓரங்கள் பின்பக்கமாகச் சுருள்வதையும், மேலும் கீழும் முகப்பை நோக்கிச் சுருள்வதையும் மாடலிலேயே செய்து வைத்தேன். ரிப் சுருளாமல் படுத்துக் கிடந்தது. காலருக்கும் கைமுடிவுக்கும் அதை ஏன் வைக்கிறீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

தங்கச்சியின் சதுரம் ஸ்கேனரில் அடங்கவில்லை, அத்தனை மேடு பள்ளம். ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, பையன் டேபிள் லாம்ப்பைப் பிடித்துக்கொண்டு எட்டுத் திசையிலும் மாறி மாறி நின்றான். எட்டுப் படங்களிலும் நிழல் விழுந்த விதத்தைக் கணக்கிட்டு மென்பொருள் நார்மல் மேப் செய்து தருகிறது. எந்த இடம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். பள்ளிக்கூடப் பாடம் மறந்து ஒரு மணி நேரம் நின்றான் பையன்.

ஒவ்வொரு கண்ணியையும் நிஜமாகவே கம்ப்யூட்டரில் பின்ன முடியாதா என்று கேட்டாயே. முடியும். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆய்வாளர் செம் யுக்செலும் அவருடன் வேலை செய்தவர்களும் 2012-லேயே நூல் அளவில் பின்னலாடையை உருவாக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஆனால் ஒரு சோபாவுக்கு லட்சக்கணக்கான கண்ணி ஆகும். எங்கள் வேலையில் எல்லா இடத்துக்கும் அது கட்டுப்படியாகாது. அது தேவையும் இல்லை. 4000 பிக்சல் அகலப் படத்தில் 4 மீட்டர் சுவர் தெரிந்தால் ஒரு பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர். உன் 24 கேஜ் ஜெர்சியில் அங்குலத்துக்கு 24 ஊசி, ஒரு கண்ணிக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல்தான் கிடைக்கும். அங்கே பின்னலைக் காட்டப் பார்த்தால் துணி மேல் அலை அலையாகக் கோடு ஓடும். அதற்குத் துணியின் மேல் இருக்கும் பஞ்சுத்தன்மை மட்டும் தெரிந்தால் போதும். ஓரத்தில் வெளிச்சம் பட்டு மெல்ல வெளுத்துத் தெரியுமே, அது. எங்கள் மெட்டீரியலில் அதை ஷீன் என்போம். டிஸ்னியில் ப்ரென்ட் பர்லி 2012-ல் வெளியிட்ட, பொருளின் மேல் வெளிச்சம் படும் விதத்தைக் கணக்கிடும் மாதிரியில் முக்கியமாகத் துணியை நினைத்தே அந்த அளவைச் சேர்த்திருந்தார். தடித்த பின்னல் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தால்தான் டிஸ்பிளேஸ்மென்ட் போட்டு மேட்டை நிஜமாகவே எழுப்புகிறேன்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உன் ரிப்பை ஒரு குஷனில் கோடுகள் நெட்டுக்குத்தாக வரும்படி போட்டேன். கூரை விளக்கை மட்டும் எரியவிட்டால் ரிப்பே தெரியவில்லை. வெளிச்சம் கோட்டோடு சேர்ந்து கீழே இறங்கிப் போய்விடுகிறது. சன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்ததும் ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நின்றது. இந்த ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரிதான். நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் வெயில் வீட்டுக்குள் ஆழமாக வராது, வானத்து வெளிச்சம்தான் சன்னல் வழியே பக்கவாட்டில் வரும். அதனால் ரிப் குஷனைச் சன்னலுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கச் சுவரை ஒட்டி வைக்கச் சொல்லி, பொங்கோல் வீட்டுக்கே நேற்றுச் செய்தி அனுப்பினேன். போர்வைப் படத்தையும் அவர்கள் வாங்கிய போர்வையின் அளவுக்கே மாற்றிச் செய்து அனுப்பியிருக்கிறேன். "இப்பதான் நம்ம வீடு மாதிரி இருக்கு அண்ணா" என்று பதில் வந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்து விடுகிறேன்.

இன்னொரு உதவியும் வேண்டும். எல்லாத் துண்டும் புதுத் துணியாக இருக்கிறது. வீட்டில் பத்து இருபது முறை துவைத்த ஜெர்சி ஒன்று அனுப்பு, மேலே நூல் உருண்டு உருண்டு நிற்கிறதே, அந்த மாதிரி. ஆள் குடியிருக்கும் வீட்டைக் காட்ட எனக்கு அது வேண்டும். பையனுக்கு நவம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை, அப்போது திருப்பூர் வருகிறோம். உன் நிட்டிங் ஆலையில் மெஷின் ஓடும்போது ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், கேமராவும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்